வீடு தேடி வந்த வலி மருத்துவம்: ஓர் ஆதரவு சிகிச்சை மையத்தைப் பற்றிய மதிப்பீடு

என் தந்தையார் சென்ற ஆண்டு மாசி மாதத்தில், தம்முடைய 68ஆம் வயதில், வாய்ப் புற்றுநோயால் காலமானார். அதற்கு முந்தைய நான்கு மாதம் பத்து நாட்களும் அவரை எங்கள் வீட்டிலேயே வைத்துக் கவனித்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், அருகிலுள்ள நகரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திவரும் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை மையம். அந்த மையத்தின் சேவை எதில் சிறந்திருந்தது, எதில் குறைந்திருந்தது என்பதை, இதே நிலையில் தவித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. அவர்களிடம் இருப்பது ஒரே ஊர்தி, ஒரு மருத்துவர், மூன்று செவிலியர். 30 கிலோமீட்டருக்கு அப்பால் அவர்களால் வர இயலாது. பெயரைக் கேள்விப்பட்டுத் தொலைவிலிருந்து அழைப்பவர்களிடம் ‘வர முடியாது’ என்று சொல்வதுதான் தங்கள் வேலையிலேயே கடினமானது என்று அங்குள்ள சமூகப் பணியாளர் ஒருமுறை சொன்னார்.

அந்த மையத்தைப் பற்றி ஊரில் பேசும்போது எல்லோரும் முதலில் சொல்வது ‘ரொம்ப அன்பா பாத்துப்பாங்க’ என்பதுதான். அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் என் தந்தையாரை இரவில் உறங்க வைத்தது அவர்களுடைய தேர்ச்சி. அன்புக்கு எங்கள் வீட்டில் குறைவில்லை. என் தாயார் நான்கு மாதம் இரவும் பகலும் அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த அன்பால் அவர் வலியில் ஒரு துளியைக்கூடக் குறைக்க முடியவில்லை. ஆதரவு சிகிச்சை என்பது, கடும் நோயின் வலியையும் அவதியையும் தணிக்கும், கனிவோடு சேர்ந்த ஒரு தனி மருத்துவத் துறை என்பதை நாங்கள் தாமதமாகத் தெரிந்துகொண்டோம்.

அந்தத் தாமதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னத்தின் உட்புறத்தில் வந்த கட்டிக்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து பதினோராவது மாதத்தில் நோய் கழுத்தில் திரும்பி வந்தது. சிகிச்சை அளித்த தனியார் மருத்துவமனையில், ‘இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க’ என்று சொல்லி, டிரமடால், பாராசிட்டமால் என்ற வலி மாத்திரைகளை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். ஆனி மாதத்தில் கேட்ட அந்தச் சொற்களை நாங்கள் அப்படியே நம்பினோம். ஐப்பசி வரையில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். படுத்தால் கழுத்து இழுத்தது. விழுங்கினால் காது வரை எரிந்தது. செய்வதற்கு எவ்வளவோ இருந்த நாட்கள் அவை. நோயைக் குணப்படுத்த வழியில்லை என்பதும் நோயாளிக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். அந்த வேறுபாட்டை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வழி காட்டியவர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என் தாயாருக்கு மாதந்தோறும் இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்து தரும் தன்னார்வலர். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில் மாத்திரை வழங்குவதோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் உண்டு. திண்ணையில் நின்று மாத்திரை அட்டையை நீட்டியவர், உள்ளிருந்து வந்த முனகலைக் கேட்டு, ‘ஐயாவுக்கு வலிக்கு யாரு பாக்கறாங்க?’ என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை என்ற பதிலைக் கேட்டதும் வட்டாரச் செவிலியரிடம் சொல்லி, அவர் மூலமாக எங்களை மையத்திற்கு அனுப்பிவைத்தார்.

முதல் வருகையில் மருத்துவர் ஒன்றரை மணி நேரம் எங்கள் வீட்டில் இருந்தார். தந்தையாருக்குப் பேச்சு தெளிவாக வராது. விரல்களாலும் பள்ளிக்கூட நோட்டில் எழுதியும்தான் பதில் சொல்வார். ‘ஐயா, வலி ரூபாய்க்கு எத்தனை காசு இருக்கு?’ என்று மருத்துவர் கேட்டார். தந்தையார் ஒன்பது விரல்களைக் காட்டினார். தொண்ணூறு காசு. வலியை எண்ணால் சொல்லலாம் என்பதே அதுவரை எங்களுக்குத் தோன்றியதில்லை. அன்றிலிருந்து என் தாயார் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் அந்தக் காசுக் கணக்கைக் கேட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளிகளாக வைத்துக்கொண்டே வந்தார். செவிலியர் ஒவ்வொரு முறையும் முதலில் புரட்டிப் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான்.

அன்றே, அபினிலிருந்து எடுக்கப்படும் வலி மருந்தான மார்ஃபினைத் தொடங்கினார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நான் பயந்தேன். போதைப் பழக்கம் வந்துவிடும் என்றும், மூச்சு நின்றுவிடும் என்றும், அதைக் கொடுத்தாலே கடைசிக் கட்டம் என்றும் நினைத்திருந்தேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வலியின் அளவு பார்த்துச் சிறிதாகத் தொடங்கி, படிப்படியாக உயர்த்தி, வாய்வழியோ உணவு செலுத்தும் குழாய் வழியோ நேரம் தவறாமல் கொடுத்தால், அந்த மருந்து வலியைத்தான் குறைக்குமே தவிர ஆயுளைக் குறைக்காது. காலை 6 மணி, 10 மணி, பிற்பகல் 2 மணி, மாலை 6 மணி என்று நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை. இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு மடங்கு, நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டியதில்லை. இடையில் வலி மீறினால் கொடுக்கத் தனியாக ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத என் தாயாருக்காக, செவிலியர் ஓர் அட்டையில் உதிக்கும் சூரியன், ஏறும் சூரியன், உச்சிச் சூரியன், விளக்கு, நிலா என்று படம் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே அந்தந்த மாத்திரையையே ஒட்டிக் கொடுத்தார். என் தாயார் ஒரு வேளைகூடத் தவறவில்லை. தவறியவன் நான்தான். மார்ஃபினோடு நாள்தோறும் மலமிளக்கி கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர்கள் மூன்று முறை சொல்லியும், மாத்திரைகள் அதிகமாகின்றனவே என்று இரண்டு நாள் அதை நிறுத்தினேன். அதனால் அவர் பட்ட பாடு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இந்த மருந்தைத் தெருமுனை மருந்துக் கடையில் வாங்க முடியாது. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் போதைக் கடத்தலைத் தடுப்பதற்காக வந்தது. அதன் கெடுபிடிகளால் மருத்துவமனைகளே மார்ஃபினை வாங்கி வைக்கத் தயங்கின. உரிமத்திற்கு மேல் உரிமம் வாங்க அவை அலைந்த நிலையில், நாடு முழுவதும் புற்றுநோயாளிகள் வலியோடு இறந்தார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகள் ‘அத்தியாவசிய’ மருந்துகள் என்று தனியாக வகைப்படுத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் அவற்றை வைத்திருந்து நோயாளிகளுக்குக் கொடுப்பது எளிதானது. நாங்கள் சென்ற மையம் அப்படிப்பட்ட அங்கீகாரம் பெற்றது. ஆகவே உங்கள் பகுதியில் ஆதரவு சிகிச்சை என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் எந்த இடத்திற்குச் சென்றாலும், முதலில் ‘உங்களிடம் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா?’ என்று கேளுங்கள். படுக்கையும் ஆறுதலும் மட்டும் தரும் இடத்திற்கும் தேர்ந்த வலி மருத்துவம் தரும் இடத்திற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு பதிலிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் வலி நாற்பது காசாகக் குறைந்தது. ஆனால் கழுத்திலிருந்து தோளுக்கு மின்சாரம் பாய்வதுபோல் ஒரு சுரீர் மட்டும் அப்படியே இருந்தது. நானாக இருந்தால் மார்ஃபினைக் கூட்டியிருப்பேன். மருத்துவரோ, அது நரம்பு நசுங்குவதால் வரும் வேறு வகை வலி என்று சொல்லி, மார்ஃபினைத் தொடாமல், நரம்பு வலிக்கான கேபாபென்டினைச் சிறிய அளவில் சேர்த்தார். ஒரு வாரத்தில் பதினைந்து, இருபது காசுக்கு வந்தது. ஐப்பசி கடைசியில் ஒரு நாள், மழை கொட்டிக்கொண்டிருந்த இரவில், அவர் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார். நானும் என் தாயாரும் எழுந்து உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்தது புண். கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்ட அந்தப் புண்ணின் நாற்றம் வீட்டு வாசல் வரை அடித்தது. ஊதுவத்தி, சாம்பிராணி, டெட்டால் என்று எல்லாம் வைத்துப் பார்த்திருந்தோம். அதைவிடக் கொடுமை, அந்த நாற்றம் அவருக்கே தெரிந்திருந்தது. பேரன் அறைக்குள் வந்தால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். செவிலியர் அடுக்களையிலிருந்து கிண்ணமும் கரண்டியும் வாங்கிக் கழுவித் துடைத்து, மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை அதிலிட்டு மாவுபோல் நைஸாகப் பொடித்தார். காய்ச்சி ஆறிய உப்பு நீரால் புண்ணை ஊற்றிக் கழுவினார், தேய்க்கவில்லை. ஒட்டியிருந்த பழைய துணியைப் பிய்க்காமல், ஈரம் ஊறித் தானாக விடும் வரை கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு பொடியைத் திருநீறு தூவுவதுபோல் சீராகத் தூவி, மெல்லிய துணியால் மூடினார். நான்காம் நாள் நாற்றம் ஏறக்குறைய இல்லை. சில ரூபாய் மாத்திரை. ஆறாம் நாள் பேரன் கட்டிலில் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான். தந்தையார் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் அவர்கள் முன்கூட்டியே செய்தார்கள். கட்டி கழுத்தின் பெரிய இரத்தக் குழாய்க்கு அருகில் இருப்பதால், என்றாவது அதிக இரத்தம் வரக்கூடும் என்று மருத்துவர் என்னையும் என் தங்கையையும் வாசலுக்கு அழைத்துச் சொன்னார். அடர் சிவப்பு நிறத்தில் நான்கு துண்டுகள் வாங்கி கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னார். வெள்ளைத் துண்டில் இரத்தம் பரவுவதைப் பார்த்தால் நோயாளியும் வீட்டாரும் மிரண்டுபோவார்கள். சிவப்புத் துண்டில் அவ்வளவாகத் தெரியாது. எப்படி அழுத்திப் பிடிப்பது, எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைப்பது, பதற்றம் அடங்க எந்த மருந்தைக் கொடுப்பது என்று செய்து காட்டினார்கள். பெரிய இரத்தப்போக்கு வரவில்லை. இரண்டு முறை கசிவு வந்தது. சொல்லிக்கொடுத்தபடி அழுத்திப் பிடித்தோம், நின்றது. என்ன நேரலாம் என்பதையும் நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துவைத்திருந்த வீட்டில் பயம் குறைந்திருந்தது. இந்தச் சேவையில் எனக்கு மிகப் பெரிதாகப்படுவது இதுதான்.

தந்தையாருக்கு நோயின் நிலை தெரியக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து மறைத்து வைத்திருந்தோம். புண் ஆறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லியிருந்தோம். மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவரிடம் பொய் சொல்ல மட்டும் தம்மால் முடியாது என்றார். பிறகு அவர் பக்கத்தில் அமர்ந்து, ‘ஐயா, உங்க உடம்பப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று மட்டும் கேட்டுவிட்டு நெடுநேரம் காத்திருந்தார். தந்தையார் நோட்டை வாங்கி, ‘பொங்கல் தாண்டுமா’ என்று எழுதினார். தாண்டலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னார். அன்று மாலையே தந்தையார் என்னை உட்காரவைத்து, யார் யாரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார், யார் தர வேண்டும், மாடு விற்றதில் எவ்வளவு பாக்கி என்று இரண்டு பக்கம் எழுதினார். கடைசி வரியில், தம் தமக்கைக்குச் செய்ய வேண்டிய சீர் ஒன்று பதினெட்டு வருடங்களாக நிலுவையில் இருப்பதை எழுதியிருந்தார். கார்த்திகையில் என் அத்தையை அழைத்துப் புடவையும் பணமும் தம் கையாலேயே கொடுத்தார். மறைத்துக்கொண்டே இருந்திருந்தால் அதற்கு இடமே இருந்திருக்காது.

லண்டனில் 1967இல் இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கி இந்த மருத்துவத்துக்கு வழிவகுத்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் பின்னர் மருத்துவராகவும் இருந்தவர். உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை, உள்ளத்தின் தவிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ‘முழு வலி’ என்று அவர் ஒரே பெயரால் சொன்னார். அத்தைக்குச் சீர் கொடுத்த வாரத்தில் மாத்திரை கூட்டாமலே காசுக் கணக்கு இறங்கியதை நோட்டில் பார்த்தபோது அந்தச் சொல்லின் பொருள் எனக்குப் புரிந்தது. நம் பக்கத்தில் இந்த மருத்துவம் வேரூன்றியது கோழிக்கோட்டில். 1993இல் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் அங்கே தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், ஊர்க்காரர்களையே தன்னார்வலர்களாகப் பழக்கி வீடுகளுக்கு அனுப்பும் முறையாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. எங்கள் வீட்டிற்கு வந்த செவிலியர்களில் இருவர் கோழிக்கோட்டில் பயிற்சி பெற்றவர்கள். புண் கழுவும் அந்தப் பொறுமை அங்கே கற்றது என்று அவர்களே சொன்னார்கள்.

இனிக் குறைகள். இரவு 8 மணிக்கு மேல் மையத்தின் தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. வலியும் மூச்சுத் திணறலும் இரவில்தான் கூடும். மார்கழியில் ஒரு நாள் உணவு செலுத்தும் குழாய் இரவு 11 மணிக்குக் கழன்றுவிட, விடியும் வரை மருந்து கொடுக்க வழியின்றி நாங்கள் பட்ட அவதியைச் சொல்லி முடியாது. மறுநாள் நான் சற்றுக் கடுமையாகவே பேசினேன். செவிலியர் தம் சொந்த எண்ணைக் கொடுத்தார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் ஒரு சேவையின் இரவுகள் ஒரு தனிமனிதரின் பெருந்தன்மையை நம்பி இருக்கக்கூடாது; முறை வைத்து ஒருவர் இரவில் தொலைபேசியில் இருப்பதற்காவது அவர்கள் வழி செய்ய வேண்டும். மார்ஃபின் வாங்கச் செவ்வாய், வெள்ளி இரண்டு நாட்களில் மட்டும், வீட்டில் ஒருவர் நேரில் வந்து, காலி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். கணக்கு வைத்தாக வேண்டும் என்பது நியாயம். ஆனால் தினக்கூலிக்குப் போகும் வீட்டில் அது ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். ஆண் செவிலியர் ஒருவர்கூட இல்லை. உடல் துடைக்கும் நேரங்களில் தந்தையார் கூச்சப்பட்டு மறுத்ததால் அதை நானே கற்றுக்கொண்டு செய்தேன். கவனித்துக்கொள்பவர் நான்கு நாள் ஓய்வெடுக்க, நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் படுக்கை வசதியும் அங்கே இல்லை. என் தாயார் தை மாதத்தில் ஒரு நாள் மயங்கி விழுந்தார்.

செலவைப் பற்றி: வருகைக்கோ மருந்துக்கோ கட்டணம் வாங்கவில்லை. காற்று மெத்தையையும் சளி உறிஞ்சும் கருவியையும் இரவலாகத் தந்தார்கள். நன்கொடை கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

கடைசி ஐந்து நாட்களில் தந்தையார் குழாய் வழியாகக் கஞ்சி இறக்குவதையும் தலையசைத்து மறுத்தார். உறவினர்கள், பட்டினியாகப் போகவிடலாமா, ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏற்றக்கூடாதா என்று என் தாயாரைச் சூழ்ந்துகொண்டார்கள். செவிலியர் வந்து எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, உடல் அடங்கும் நேரத்தில் பசி இராது என்றும், ஏற்றும் நீர் நுரையீரலிலும் கை கால்களிலும் தேங்கி மூச்சுக்குத்தான் சிரமம் தரும் என்றும் சொன்னார். வாய் உலராமல் இருக்க, ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் மணிக்கொருமுறை நனைக்கும் வேலையை உறவினர்களுக்கே பிரித்துக் கொடுத்தார். என் அத்தை அந்தப் பஞ்சை யாரிடமும் கொடுக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தார். தொண்டையில் சளி கரகரத்தபோது ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோலுக்கடியில் ஓர் ஊசி மருந்து போட்டார்கள், சத்தம் குறைந்தது. விடியற்காலை நாலரை மணிக்கு, முந்தைய இரவு மருந்தின் பலத்தில் உறங்கிக்கொண்டே அவர் மூச்சு அடங்கியது. காரியம் முடிந்த பிறகு அதே செவிலியர் வந்து என் தாயாரோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்; மீதமிருந்த பதினோரு மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டு கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

இந்த மருத்துவத்தைக் கடைசி நாட்களுக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டியதே இல்லை என்பதை அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், நோய் கண்டறிந்தவுடனேயே வழக்கமான சிகிச்சையோடு ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து, மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டே முக்கால் மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். உலகில் ஆண்டுதோறும் 5.68 கோடிப் பேருக்கு இது தேவைப்படுவதாகவும், அவர்களில் ஏறக்குறைய 14 விழுக்காட்டினருக்கே கிடைப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கிடைத்த சிலரில் என் தந்தையாரும் ஒருவர். ஆனியிலிருந்து ஐப்பசி வரை கிடைக்காதவர்களில் அவரும் ஒருவர்.

இதே நிலையில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாவட்ட அரசு மருத்துவமனையிலோ, மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரிடமோ ‘ஆதரவு சிகிச்சை’ அல்லது ‘பேலியேட்டிவ்’ என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். புற்றுநோய்க்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். சிறுநீரகம், இதயம், நுரையீரல் செயலிழந்தவர்களையும் பக்கவாதத்தில் படுத்தவர்களையும் எங்கள் மையத்தில் பார்த்தார்கள். பதிவுக்குத் திசுப் பரிசோதனை அறிக்கை, மருத்துவமனையில் கொடுத்த வெளியேற்றச் சுருக்கம் (டிஸ்சார்ஜ் சம்மரி), ஸ்கேன் அறிக்கைகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், ஆதார் நகல் இவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். முதல் நாள் நோயாளியை வண்டி வைத்து அழைத்துச் சென்று அலைக்கழிக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் காகிதங்களோடு போனால் போதும், அவர்களே வீட்டிற்கு வருவார்கள்.